ஒற்றைப் பூதமும் நான்கு வீரர்களும்: சண்டை சப்பென்று முடியாமல் அமைப்பது எப்படி?

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதை நடத்திப் பூதங்களை இயக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராக ஆடும் விளையாட்டு இது. இதில் கதை நடத்தத் தொடங்கும் எவருக்கும் இந்த ஏமாற்றம் சீக்கிரமே வாய்த்துவிடும். ஊரையே நடுங்கவைத்த பூதம் என்று வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பீர்கள். கடைசியில் அது வெளியே வரும், வீரர்கள் நால்வரும் சூழ்ந்துகொள்வார்கள், இரண்டாவது சுற்று முடிவதற்குள் அது செத்துக் கிடக்கும். ஆடியவர்கள் முகத்தில் வென்ற களிப்பே இருக்காது. பூதம் தனியாக வரும்போது ஏன் இப்படி ஆகிறது, அதைத் திருத்த எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இந்த மேசை விளையாட்டைப் புதிதாகக் கையிலெடுக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

இங்கே வரும் எண்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஒட்டியவை. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளிக்கொண்டுவந்த விளையாட்டு அது. ஐந்தாம் பதிப்பு 2014 இல் வந்தது. அதன் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆகவே விலையுயர்ந்த புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காமலே கைத்தொலைபேசியில் இறக்கிப் படிக்கலாம். இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால், 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைச் சுருட்டி ஒரு பேணியில் போட்டுக் குலுக்கி எடுங்கள். வீரர்களுக்குச் சோழி, பூதத்துக்கு ஒரு சிரட்டை, நிலத்துக்குச் சதுரக்கோடு போட்ட கணக்குக் கொப்பித் தாள் போதும். ஒரு கட்டம் ஐந்து அடி.

முதலில் கணக்கைப் பாருங்கள்

விதித் தொகுப்பில் ஓகர் என்றொரு தடியன் இருக்கிறான். உயிர்ப்புள்ளி 59 (அடிபட அடிபடக் குறைவது, சுழியமானால் விழுவான்), கவச எண் 11 (அவன்மீது அடி பட, தாக்குபவர் இருபது முகப் பகடையில் எட்ட வேண்டிய எண்). தன் முறையில் ஒரேயொரு அடி அடிப்பான். பட்டால் சராசரி 13 புள்ளி போகும். அவன் எதிரே அனுபவத்தில் மூன்றாம் நிலையை எட்டிய வீரர்கள் நால்வரை நிறுத்துங்கள். வாள்வீரனின் இருகை வாள் சராசரி 10, மறைந்திருந்து எய்யும் திருடியின் அம்பு 13 அல்லது 14, பூசாரியின் ஒளிக்கணை 14, மந்திரவாதியின் மூன்று தீக்கதிர்கள் 21. எல்லாம் பட்டால் முதற் சுற்றிலேயே ஓகர் கதை முடிந்துவிடும். தாக்கும் பகடையில் 5 கூட்டிக்கொள்ளும் வீரனுக்கு ஓகர்மீது நான்கு அடியில் மூன்று படும் என்று வைத்தால், ஒரு சுற்றுக்குச் சராசரி 44. இரண்டாம் சுற்றை அவன் முழுதாகக் காண்பதே அரிது. அவன் திருப்பித் தருவது எவ்வளவு? கவச எண் 16 உள்ள வாள்வீரன்மீது அவன் அடி பாதிக்குச் சற்று மேலான தடவைகளே படும். அதாவது சுற்றுக்குச் சராசரி 7. நால்வரின் உயிர்ப்புள்ளிகளையும் கூட்டினால் ஏறக்குறைய 95 இருக்கும். அந்த 7 அவர்களுக்கு உறைக்கவே உறைக்காது.

இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது உயிர்ப்புள்ளியை 200 ஆக்கிவிடலாம் என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். உயிர்ப்புள்ளியைக் கூட்டினால் சண்டை நீளும், கடினமாகாது. அதே 7 புள்ளி அடியை வாங்கிக்கொண்டு வீரர்கள் விறகு பிளப்பவர்களாக வெட்டிக்கொண்டே இருப்பார்கள். குறை முறைகளில் இருக்கிறது. ஒரு சுற்றில் வீரர்கள் பக்கம் நான்கு முறை, பூதத்தின் பக்கம் ஒன்றே ஒன்று. அவர்கள் நான்கு முடிவுகளை எடுக்கும் நேரத்தில் அது ஒரு முடிவைத்தான் எடுக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாமே இந்த இடைவெளியை ஏதோவொரு விதத்தில் நிரப்புபவை.

பூதத்துக்கு என்ன வேண்டும்?

எண்களைத் தொடுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள். வீரர்களைக் கொல்வது மட்டுமே நோக்கமாக உள்ள பூதம் நின்ற இடத்தில் நின்று அடிக்கும். அதற்கு வேறொன்று தேவைப்பட்டால் அது நகரும், காக்கும், பின்வாங்கும், பேரம் பேசும். வீரர்களுக்கும் வெட்டுவதைத் தவிர வேறு வழிகள் திறக்கும்.

உதாரணத்தை நம் வாவியிலிருந்தே எடுக்கிறேன். வாவி கடலைச் சந்திக்கும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்வதும், மாரியில் வெள்ளம் ஏறும்போது அதை வெட்டிவிடுவதும் இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். கற்பனை நாடொன்றில் அப்படியொரு வாவி இருக்கட்டும். முகத்துவாரம் அடைபட்டுக் கிடக்கிறது. தண்ணீர் வட்டைகளில் ஏறி வேளாண்மையை அழுகவைக்கிறது. வெட்டப் போனவர்கள் திரும்பவில்லை. அங்கே மிக மூத்த முதலையொன்று இருக்கிறது, முதுகில் கண்டல் வேர்விடும் அளவுக்கு மூத்தது. ஊரார் அதன் பேரைச் சொல்ல அஞ்சி வாவிக்கிழவன் என்கிறார்கள். அதற்கு வேண்டியது ஒன்றுதான்: முகத்துவாரம் அடைபட்டே இருக்க வேண்டும். நீர் உயர உயர அதன் அரசு விரியும்.

இந்த ஒரு வரி எவ்வளவு வேலையைச் செய்துவிடுகிறது என்று கவனியுங்கள். சண்டை எங்கே நடக்கும் என்பது முடிவாகிவிட்டது. வீரர்கள் முதலையைக் கொல்லலாம், அல்லது மண்வெட்டியை எடுத்து மணலை வெட்டலாம். வெட்டுபவனை முதலை முதலில் தாக்கும் என்பதால் யாரைத் தாக்குவது என்று நீங்கள் தலையைச் சொறியவும் வேண்டியதில்லை.

எண்களை உங்கள் மேசையிலிருந்து எடுங்கள்

பூதம் எவ்வளவு கடினமானது என்று சொல்லப் புத்தகத்தில் உள்ள சவால் எண் ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே. எல்லா மேசைக்கும் பொருந்தும் அளவுகோலாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீரர்களின் தாள்களை வாங்கி இரண்டு கூட்டல் போடுங்கள். முதலாவது, நால்வரும் ஒரு சுற்றில் தரக்கூடிய சராசரி அடி. மந்திரங்களைச் செலவழிக்கும் சுற்று ஒன்று, செலவழிக்காத சுற்று ஒன்று என்று இரண்டையும் கணக்கிட்டு நடுவில் ஒரு எண்ணை எடுங்கள். இரண்டாவது, நால்வரின் மொத்த உயிர்ப்புள்ளி.

நல்ல ஒற்றைச் சண்டை நான்கு அல்லது ஐந்து சுற்றுகள் ஓட வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் குறைந்தால் பூதம் தன் வித்தையைக் காட்ட நேரமில்லை. கூடினால் புதியவர்கள் தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். ஆகவே பூதத்தின் உயிர்ப்புள்ளியை ஒரு சுற்று அடியின் நான்கு மடங்காக வையுங்கள். அது சுற்றுக்குத் தரும் அடியை வீரர்களின் மொத்த உயிர்ப்புள்ளியில் நான்கில் ஒன்றுக்கும் ஐந்தில் ஒன்றுக்கும் இடையில் வையுங்கள்.

மேலே சொன்ன நால்வருக்கு வாவிக்கிழவன் இப்படி அமையும். கவச எண் 14, உயிர்ப்புள்ளி 110. தாக்கும் பகடையில் 6 கூட்டிக்கொள்ளும். தன் முறையில் ஒரு கடி, ஒரு வாலடி. கடி 2டி8+4, அதாவது எட்டுமுகப் பகடை இரண்டை உருட்டி 4 கூட்டினால் வரும் எண், சராசரி 13. கடிபட்டவர் வாயில் அகப்படுவார். வாலடி 2டி6+4, சராசரி 11. கவச எண் 16 உள்ளவர்மீது இரண்டையும் சேர்த்தால் ஒரு முறைக்குச் சராசரி 13 புள்ளி போகும். மீதியை அடுத்த படி தரும்.

முறைகளைப் பங்கிடுங்கள்

ஐந்தாம் பதிப்பில் பெரும் பூதங்களுக்கு லெஜண்டரி ஆக்ஷன் என்றொரு சலுகை உண்டு. பிறரொருவரின் முறை முடிந்தவுடன், பூதம் தன் முறை வரும்வரை காத்திராமல் ஒரு சிறு செயலைச் செய்யலாம். விதித் தொகுப்பில் வளர்ந்த சிவப்பு டிராகனுக்குச் சுற்றுக்கு மூன்று அப்படி இருக்கின்றன. ஒரு முறை முடிவில் ஒன்றுதான் செய்யலாம், தன் முறை தொடங்கும்போது எல்லாம் மீண்டுவிடும். இது பெரும் பூதங்களுக்கு மட்டும் உரியதென்று நினைத்துப் புதியவர்கள் தொடாமல் விடுகிறார்கள். மூன்றாம் நிலைச் சண்டைக்கும் இதையே கொடுங்கள், எண்ணிக்கையை மட்டும் இரண்டாகக் குறையுங்கள்.

அந்த இரண்டும் ஒரே வகையாக இருக்கக்கூடாது. இரண்டுமே அடியாக இருந்தால் வீரர்கள் சீக்கிரம் விழுவார்களே தவிர, சண்டை சுவையாகாது. வாவிக்கிழவனுக்கு நான் மூன்று தெரிவுகளை எழுதுவேன். ஒன்று, தாழ்ந்து நீந்துதல்: தன் வேகத்தில் பாதியை நகரும், அப்போது யாரும் இடையில் வெட்ட முடியாது. இரண்டு, வால்வீச்சு: அருகிலுள்ள ஒருவர் வலிமைத் தடுப்புப் பகடையில் (தாக்கத்திலிருந்து தப்ப உருட்டுவது) 13 எடுக்காவிட்டால் 1டி8+4 அடியோடு தரையில் விழுவார். மூன்று, இழுப்பு: வாயில் அகப்பட்டவரைப் பத்தடி தண்ணீருக்குள் இழுக்கும். நகர்வது ஒன்று, அடிப்பது ஒன்று, பயமுறுத்துவது ஒன்று.

மேசையில் இதைக் கண்ணுக்குத் தெரியவையுங்கள். உங்கள் முன்னால் இரண்டு புளியங்கொட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். செயலொன்றைச் செய்யும்போது ஒரு கொட்டையை நடுவே தள்ளுங்கள். கொட்டைகள் தீர்ந்ததும் "இனி அது தன் முறைவரை அசையாது" என்று ஆடுபவர்கள் கண்டுகொண்டு, மண்வெட்டிக்கு ஓடுவதா வாயிலிருப்பவரைக் காப்பதா என்று தங்களுக்குள் குசுகுசுப்பார்கள். அந்தக் குசுகுசுப்பு தொடங்கிவிட்டால் சண்டை உயிர்பெற்றுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

பாத்ஃபைண்டர் விளையாட்டின் 2019 இல் வந்த இரண்டாம் பதிப்பை ஆடுபவர்களுக்கு இந்தச் சலுகை அவ்வளவு தேவைப்படாது. அங்கே எல்லோருக்கும் முறைக்கு மூன்று செயல்கள், வீரர்களைவிட மூன்று நான்கு நிலை உயர்ந்த ஒற்றைப் பூதம் தன் எண்களாலேயே தாக்குப்பிடிக்கும். நிலத்தையும் அறிகுறியையும் பற்றிக் கீழே சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

ஒரே மந்திரத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

கூட்டமாக வரும் எதிரிகளில் ஒருவன் மந்திரத்தில் மயங்கினால் மற்றவர்கள் இருக்கிறார்கள். தனியாக வரும் பூதம் மயங்கினால் சண்டையே மயங்கிவிடுகிறது. மறுபடி ஓகரைப் பாருங்கள். அடக்க முடியாமல் சிரிக்கவைத்துத் தரையில் விழுத்தும் முதல்நிலை மந்திரம் ஒன்று இருக்கிறது. தப்ப 13 எடுக்க வேண்டும் என்றால் ஓகருக்கு 100 இல் 30 தடவைதான் அது முடியும். சாதாரண மந்திரவாதியின் மலிவான மந்திரம் இது.

புத்தகம் தரும் தீர்வு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ். நாளுக்கு மூன்று தடவை, தோற்ற தடுப்புப் பகடையை வென்றதாகப் பூதம் மாற்றிக்கொள்ளலாம். வேலை செய்கிறது, ஆனால் ஆடுபவருக்குக் கசக்கிறது. தன் சிறந்த மந்திரத்தை அவர் எய்கிறார், நீங்கள் "இல்லை" என்கிறீர்கள், முறை முடிந்துவிட்டது. ஆகவே அந்த மறுப்புக்கு ஒரு விலை வையுங்கள். வாவிக்கிழவன் இரண்டு தடவை மந்திரத்தை உதறலாம். ஒவ்வொரு தடவையும் முதுகிலுள்ள கண்டல் வேரொன்று கருகி விழுகிறது, கவச எண் ஒன்று குறைகிறது. இப்போது மந்திரவாதியின் முறை வீணாகவில்லை, அடுத்து வெட்டுபவருக்கு அது வழி திறந்திருக்கிறது. அதைச் சத்தமாகச் சொல்லுங்கள்: "தம்பி, உங்கள் மந்திரம் அதன் மனதைப் பிடிக்கவில்லை. ஆனால் முதுகில் ஒரு வேர் புகைந்து உதிர்கிறது. கவசம் 13 ஆகிவிட்டது."

இதே நியாயம் மறுபக்கமும் உண்டு. ஆடுபவரின் முறையை முழுதாகப் பறிக்கும் வித்தைகளைப் பூதத்துக்குக் கொடுக்காதீர்கள். பிரமைபிடித்து நிற்பது, கல்லாகிப்போவது, மூன்று சுற்று மயங்கிக் கிடப்பது எல்லாம் புதிதாக ஆட வந்த பிள்ளைக்கு வெறும் காத்திருப்பு. முதலை வாயில் அகப்பட்டவர்கூடத் தாடையில் குத்தலாம், திமிறலாம், மந்திரம் சொல்லலாம். மூச்சடக்கம் பற்றி யாராவது கவலைப்பட்டால் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: இந்த விதிகளில் ஒரு வீரர் ஒரு நிமிடமும் உடலுறுதி எண்ணுக்கேற்ப அதற்கு மேலும் மூச்சடக்கலாம். ஒரு சுற்று ஆறு வினாடிதான். இந்தச் சண்டையில் தண்ணீர் யாரையும் கொல்லாது, முதலையின் வாய்தான் கொல்லும்.

நிலமும் நீரும்

வெறும் சதுரமான அறையில் எந்தப் பூதமும் பாதிப் பூதம்தான். சண்டை நடக்கும் இடத்தில் மூன்று இருக்க வேண்டும்: பூதத்துக்குச் சாதகமானது ஒன்று, வீரர்களுக்குச் சாதகமாக மாற்றக்கூடியது ஒன்று, இருவருக்கும் ஆபத்தானது ஒன்று.

முகத்துவாரத்தில் ஆழமான வாவிநீர் முதலைக்குச் சாதகம். அதற்குள் அது மறையலாம். மணல்திட்டு வீரர்கள் மாற்றக்கூடியது. மூன்று வெட்டு வெட்டினால் உடையும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருவருடைய செயல் முழுவதும் போகும், வலிமைப் பகடையில் 12 எடுக்க வேண்டும். மூன்றாம் வெட்டு விழுந்த பின், அடுத்த சுற்றின் தொடக்கத்தில் நீர் வடியும். அதன் பிறகு முதலையால் மறைய முடியாது. இருவருக்கும் ஆபத்தானது நீரோட்டம்.

இந்த நீரோட்டத்தை நடத்த, பூதத்தின் இருப்பிடமே செயல்படும் விதியைப் பயன்படுத்துங்கள். யார் முதலில் ஆடுவது என்று சண்டைத் தொடக்கத்தில் எல்லோரும் உருட்டுவது வரிசை எண். ஒவ்வொரு சுற்றிலும் வரிசை எண் 20 இல், மற்ற எல்லோருக்கும் முன்பாக (20 அல்லது அதற்கு மேல் எடுத்தவர் இருந்தால் அவருக்குப் பிறகு), இடம் ஏதாவது செய்யும். ஒரு சுற்றில் சுழி தண்ணீரில் நிற்பவர்களைப் பத்தடி இழுக்கும், அடுத்த சுற்றில் கரை மணல் சரியும். இரண்டையும் மாற்றி மாற்றி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நீங்களே மறந்துவிடும் அளவுக்கு விதிகளைச் சேர்த்தால் நிலம் சுமையாகிவிடும்.

இங்கே நம் கரையில் ஆடுபவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடல் எழுந்து வந்து எல்லோரையும் அடித்துச் செல்லும் பேரலையைச் சண்டைக் கருவியாக வைக்கலாமே என்று தோன்றும். நான் வைப்பதில்லை. 2004 டிசம்பர் 26 ஐ நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் திருக்கோவிலிலும் யாரும் மறக்கவில்லை. மேசையில் இருக்கும் பிள்ளை அதற்குப் பிறகு பிறந்ததாக இருக்கலாம், ஆனால் அந்த வீட்டுச் சுவரில் மாலையிட்ட படம் இருக்கலாம். முதலை, யானை, வெள்ளம் போன்றவையும் படுவான்கரைப் பக்கத்தில் வெறும் கதையல்ல. ஆட்டத்துக்கு முன்பே "இந்தக் கதையில் முதலை வரும், தண்ணீர் வரும், யாருக்காவது வேண்டாமா?" என்று கேட்டுவிடுங்கள். ஒருவர் தயங்கினாலும் காட்டுக்குப் போங்கள், வேறு விலங்கை எடுங்கள்.

கட்டியகாரன் முன்னே வரட்டும்

வடமோடிக் கூத்தில் அரசன் சட்டென்று களரிக்குள் குதிப்பதில்லை. கட்டியகாரன் வந்து கட்டியம் கூறுவான், மத்தளம் ஓங்கும், அதன்பிறகுதான் அரசனின் வரவு. ஒற்றைப் பூதத்துக்கும் அந்த மரியாதை வேண்டும். அறிகுறி இல்லாமல் விழும் பெரிய அடியைச் சவால் என்று சொல்லக்கூடாது, அது தண்டனை. அறிகுறி கொடுத்துவிட்டு அடித்தால், ஆடுபவர் "நான் பார்த்தேன், ஆனாலும் நின்றேன்" என்று தன் முடிவைத் தானே ஏற்பார்.

அறிகுறிகள் இரண்டு வகை. முதல் வகை சண்டைக்கு முந்தியது. மீன்பாடும் தேனாட்டில் அறிகுறிக்குப் பஞ்சமா? கதைநாட்டு வாவியிலும் நிலவு நாட்களில் மீன்கள் பாடும் என்று வையுங்கள். வள்ளத்தில் போகும் வீரர் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்கிறார். முகத்துவாரத்தை நெருங்க நெருங்கப் பாட்டு தேய்ந்து, ஓரிடத்தில் முற்றாக நின்றுவிடுகிறது. கிழவன் அங்கே இருக்கிறது. மணற்கரையில் பாதி கடித்த மண்வெட்டிப் பிடி கிடக்கட்டும். முதுகில் வேர்விட்ட கண்டலைத் தீ சுடும் என்பதற்கு, மின்னல் தாக்கிக் கருகிய வேர்த்துண்டு ஒன்று கரையொதுங்கட்டும். வீரர்கள் முக்கியமாகக் கண்டுகொள்ள வேண்டிய செய்தி எதுவோ, அதை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்றைத் தவறவிடுவார்கள்.

இரண்டாம் வகை சண்டைக்குள் வருவது. வாவிக்கிழவன் தன் முறை முடியும்போது தண்ணீருக்குள் மறைந்திருந்தால், தாளில் ஒரு கட்டத்தில் குமிழி அடையாளம் வையுங்கள். "அந்த இடத்தில் நீர் கொதிப்பதுபோல் குமிழியிடுகிறது. மீன்கள் துள்ளிக் கரையில் விழுகின்றன." அடுத்த முறையில், கடிக்கும் வாலடிக்கும் பதிலாக, அந்தக் கட்டத்திலிருந்து அது பாய்ந்தெழும். பத்தடிக்குள் நிற்பவர்கள் சுறுசுறுப்புத் தடுப்பில் 13 எடுக்காவிட்டால் 4டி6, சராசரி 14. எடுத்தால் பாதி. இந்தச் சண்டையின் மிகப் பெரிய அடி இதுதான், ஆனால் விலகிக்கொள்ள எல்லோருக்கும் ஒரு முறை கிடைக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பத்தடிக்குள்தான் மண்வெட்டி வேலை நடக்கிறது. வெட்டுபவர் விலகுவாரா, இன்னொரு வெட்டு வெட்டிவிட்டு அடியை வாங்குவாரா? இந்தக் கேள்வியை உண்டாக்கத்தான் குமிழியை நான் எப்போதும் மணல்திட்டின் ஓரமாக வைக்கிறேன்.

பாதியில் முகம் மாறட்டும்

2008 இல் வந்த நான்காம் பதிப்பு, தனியாக நின்று ஐவரை எதிர்கொள்ளும்படி வடிவமைத்த பூதங்களை ஒரு தனி வகையாகவே வைத்திருந்தது. உயிர்ப்புள்ளி பாதியாகும் கணத்துக்கு ஒரு பெயரும் கொடுத்து, பல பூதங்களின் குணம் அந்தக் கணத்தில் மாறும்படி எழுதியது. ஐந்தாம் பதிப்பின் 2024 திருத்தத்தில் அந்தப் பெயர் திரும்பிவந்தது. நல்ல யோசனை என்பதால்தான் திரும்பியிருக்கிறது. எல்லாச் சுற்றும் ஒரேபோல் ஓடினால் ஆடுபவர்களுக்கு மூன்றாம் சுற்றிலேயே விடை தெரிந்துவிடும். பாதியில் கேள்வியை மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது பூதத்துக்கு ஒன்றைக் கொடுங்கள், ஒன்றைப் பறியுங்கள். வாவிக்கிழவன் 55 க்குக் கீழே போனதும் முதுகிலுள்ள கண்டல் முழுதும் முறிந்து விழுகிறது. மந்திரம் எத்தனை வேரைக் கருக்கியிருந்தாலும் கவச எண் இப்போது 11. ஆனால் பாரம் போனதால் கரையிலும் அது வேகமாக ஓடும், 20 அடி 40 அடியாகிறது. கடித்தவரைக் கவ்வியபடியே உடலைச் சுழற்றும். உண்மை முதலைகள் இரையைக் கிழிக்கும் முறையே அது. வாயில் அகப்பட்டவருக்கு அதன் ஒவ்வொரு முறைத் தொடக்கத்திலும் 2டி6. முதற்பாதியில் வீரர்கள் கேட்டது "எங்கே வரும்?" இரண்டாம்பாதியில் கேட்பது "யாரை விடுவிப்பது?"

பழைய பூதங்களிலும் இந்தக் கேள்வி மாற்றம் உண்டு. விதித் தொகுப்பிலுள்ள டிரோல் என்னும் பூதம் தன் முறைதோறும் 10 புள்ளி மீளும், தீயோ அமிலமோ பட்டால் அடுத்த முறையில் மீளாது. ஹைட்ராவின் தலையொன்று விழுந்தால் இரண்டு முளைக்கும், தீ பட்டால் முளைக்காது. எதை எப்படித் தாக்குவது என்று ஆடுபவரை யோசிக்கவைக்கும் ஒரேயொரு விதி, பத்து மடங்கு உயிர்ப்புள்ளியைவிடப் பெறுமதியானது.

ஒரு சுற்றை ஓட்டிப் பாருங்கள்

ஆடுவதற்கு முந்தின இரவு தனியாக உட்கார்ந்து இரண்டு சுற்றுகளையாவது உருட்டுங்கள். இரண்டாம் சுற்று இப்படி இருக்கலாம். முதற்சுற்றில் 26 புள்ளி போய்க் கிழவனுக்கு 84 மிச்சம். எண் 20: சுழி இழுக்கிறது, முழங்கால் நீரில் நின்ற பூசாரி பத்தடி உள்ளே போகிறார். திருடி எய்கிறாள், 14 படுகிறது, 70. அவள் முறை முடிந்ததும் ஒரு கொட்டையைத் தள்ளுகிறீர்கள்: கிழவன் தாழ்ந்து நீந்திப் பூசாரியிடம் வருகிறது. வாள்வீரனுக்கு அது எட்டவில்லை, மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டை வெட்டுகிறான். கிழவனின் முறை, கொட்டைகள் திரும்புகின்றன. கடி பூசாரிமீது படுகிறது, 13, வாயில் அகப்படுகிறார். வாலடி தவறுகிறது. மந்திரவாதியின் தீக்கதிர்களில் இரண்டு பட்டு 14, கிழவன் 56. மறுபடி ஒரு கொட்டை: பூசாரியை இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறது. பூசாரி தண்டத்தால் தாடையில் குத்துகிறார், 6. கிழவன் 50. கண்டல் முறிகிறது.

ஒரே சுற்றில் எல்லோரும் ஏதோவொன்றைத் தீர்மானித்தார்கள். உங்கள் வெள்ளோட்டத்தில் யாராவது "நான் அடிக்கிறேன்" என்பதைத் தவிர வேறெதுவும் செய்ய வழியில்லாமல் இருந்தால், நிலத்தில் இன்னொரு பொருளைச் சேருங்கள். பூதம் அசைவதற்கு முன்பே பாதி உயிரை இழந்தால், புள்ளியைக் கூட்டாமல் அதன் தொடக்க இடத்தை மாற்றுங்கள். தண்ணீருக்குள் தொடங்கட்டும், குமிழியோடு வரட்டும்.

மேசையில் நடத்தும்போது

பூதத்தின் எண்கள் எல்லாம் ஒரு அரைத்தாளில் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் தேடிக்கொண்டிருப்பீர்கள், ஆடுபவர்கள் காத்திருப்பார்கள். பூதத்தின் பகடையை எல்லோர் முன்னாலும் உருட்டுங்கள். சண்டை நடுவில் உயிர்ப்புள்ளியை ரகசியமாகக் கூட்டுவதோ குறைப்பதோ வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சண்டை கடினமாகிவிட்டால் அதன் முடிவுகளை மாற்றுங்கள்: அது காயத்தோடு பின்வாங்கலாம், வெட்டுபவனை விட்டுவிட்டு வாயிலுள்ளவனோடு ஓடலாம். எளிதாகிவிட்டால் எளிதாகவே போகட்டும். ஆடுபவர்கள் நன்றாக யோசித்ததற்கு அது கூலி.

விழுந்த வீரரைப் பூதம் தொடர்ந்து கடிக்கலாமா என்று புதியவர்கள் கேட்பார்கள். உயிர்ப்புள்ளி சுழியமானவர் தன் முறைதோறும் பகடை உருட்டுவார். 10 அல்லது மேல் என்றால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று தோல்வி சாவு, மூன்று வெற்றி பிழைப்பு. பக்கத்தில் நின்று கடித்தால் ஒரே கடியில் இரண்டு தோல்வி ஏறிவிடும். பசித்த விலங்கு இரையை இழுத்துக்கொண்டு போகப் பார்க்குமே தவிர, வாளோடு நிற்பவர்கள் நடுவில் நின்று தின்னாது. ஆகவே இழுப்பதையே தேர்ந்தெடுங்கள். துரத்திப்போகத் தோழர்களுக்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

முடிவையும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கடைசிப் புள்ளிவரை வெட்டுவது அலுப்பானது. வாவிக்கிழவனுக்கு 20 புள்ளிக்குக் கீழே போய்விட்டால், அல்லது மணல்திட்டு உடைந்து நீர் வடியத் தொடங்கிவிட்டால், அது சண்டையை விட்டுக் கடலை நோக்கியோ வாவியின் மேல்பக்கமாகவோ போகும். வீரர்கள் துரத்தலாம், விடலாம். அவர்கள் தோற்றால் எல்லோரையும் கொன்றுவிடாதீர்கள். முகத்துவாரம் அடைபட்டே இருக்கும், நீர் இன்னொரு முழம் ஏறும், அடுத்த கிராமம் தண்ணீருக்குள் போகும். அடுத்த சனிக்கிழமை அதே முதலை, வீரர்கள் ஏற்கனவே அறிந்த குமிழியோடு, இன்னும் பெரிய வாவியில் காத்திருக்கும்.